சதுப்பு ஓரத்து வயல்

மேற்கு உகாண்டாவுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போவது என் தொழில். கம்பாலாவில் சின்னதாக ஓர் அலுவலகம், சொந்தமாக ஒரு லேண்ட் குரூசர், சீசனில் வாடகைக்கு எடுக்கும் வண்டிகள். இவ்வளவுதான் என் நிறுவனம். வருகிறவர்கள் கொரில்லா பார்க்க வேண்டும் என்பார்கள், சிம்பன்சி பார்க்க வேண்டும் என்பார்கள், சிங்கம் நிச்சயம் கண்ணில் படுமா என்று கேட்பார்கள். கமுவெங்கே மாவட்டத்தில் பிகோடி என்று ஓர் ஊர் இருக்கிறதாமே, அங்கே சதுப்பைச் சுற்றி நடக்க வேண்டும் என்று கேட்டு வந்தவர் அபூர்வம். அதைத் திட்டத்தில் நான்தான் சேர்ப்பேன். ஊர் திரும்பிய பிறகு வரும் கடிதங்களில் சிம்பன்சிக்கு ஒரு வரி இருந்தால், பிகோடிக்கு ஒரு பத்தி இருக்கும்.

கம்பாலாவிலிருந்து மேற்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போனால் ஃபோர்ட் போர்ட்டல். வானம் தெளிவாக இருந்தால் ருவென்சோரி மலைத்தொடர் தெரியும். வழியெல்லாம் தேயிலை. அங்கிருந்து கமுவெங்கே போகும் சாலை கிபாலே காட்டுக்குள் புகுந்து போகிறது. காட்டின் நடுவே கன்யாஞ்சு என்ற இடத்தில் உகாண்டா வனவிலங்கு ஆணையத்தின் நிலையம் இருக்கிறது. சிம்பன்சி பார்க்கப் போகிறவர்கள் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குவார்கள். அதைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் காடு சட்டென்று முடிந்து வாழைத்தோட்டங்கள் தொடங்கும். அதுதான் பிகோடி.

கிபாலே 1932-இல் அரசு ஒதுக்கிய காடு. 1993-இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு 795 சதுர கிலோமீட்டர். குரங்கினத்தில் மட்டும் 13 வகை இங்கே உண்டு. சிம்பன்சிகள் ஏறத்தாழ 1,500. நெட்ஃபிளிக்ஸில் 2023-இல் ‘சிம்ப் எம்பயர்’ தொடர் வந்த பிறகு, அதில் வருகிற ங்கோகோ கூட்டத்தையே காட்டுங்கள் என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ங்கோகோ இதே காட்டில்தான் இருக்கிறது. ஆனால் அது ஆராய்ச்சியாளர்களின் இடம். பயணிகளுக்குக் கன்யாஞ்சு பக்கத்துக் கூட்டங்கள்தான். கண்டுபிடித்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் அவற்றோடு நிற்கலாம். வெளிநாட்டவருக்கு இதற்கான பெர்மிட் 200 டாலராக இருந்தது. 2024 ஜூலையிலிருந்து 250 டாலர்.

அந்த 250 டாலர் எங்கே போகிறது என்று என் பயணிகளில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். உகாண்டா வனவிலங்கு ஆணையத்துக்குப் போகிறது என்று சொல்வேன். அந்த ஆணையம் 1996 சட்டத்தின்படி அமைந்தது. பூங்காவின் நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதத்தைக் காட்டை ஒட்டிய ஊர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்ததும் அந்தச் சட்டம்தான். நல்ல விதி. ஆனால் கிபாலேயில் பெரிய பணம் வருவது நுழைவுக் கட்டணத்தில் அல்ல, பெர்மிட்டில். இருபது சதவீதம் என்று காதில் விழுவதற்கும், அது மாவட்டம், துணை மாவட்டம் என்று படிப்படியாக இறங்கி ஒரு ஊரில் வகுப்பறையாகவோ யானை அகழியாகவோ நிற்பதற்கும் நடுவே தூரம் அதிகம். பிகோடிக்காரர்கள் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. அவர்களிடம் பூங்காவுக்கு வெளியே ஒன்று இருந்தது: மகோம்பே சதுப்பு.

1992-இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். கிபாலே ஊரக, சுற்றுச்சூழல் மேம்பாட்டுச் சங்கம் என்பது அதன் முழுப்பெயர். எல்லாரும் காஃப்ரெட் என்பார்கள். அப்போது அந்த ஊரில் இருந்த அமெரிக்கப் பீஸ் கோர் தொண்டர் ஒருவர் உதவினார். ஆனால் நிலமும் உழைப்பும் ஊருடையவை. கிபாலேக்கு அது கசப்பான காலம். காட்டிலும் அதன் தெற்கே இருந்த வனவிலங்குப் பாதையிலும் குடியேறியிருந்த ஆயிரக்கணக்கானவர்களை அந்த ஆண்டில்தான் அரசு வெளியேற்றியது. விலங்கைக் காப்பாற்றுகிறோம் என்றாலே நிலம் பறிபோகப்போகிறது என்று ஜனங்கள் பயந்திருந்த நேரம். சதுப்பை வற்றவைத்துப் பயிரிடாமல், கோரையை முழுக்க அறுக்காமல், குரங்கை அடிக்காமல் இருந்தால் வெளிநாட்டுக்காரர் வந்து பார்த்துக் காசு கொடுப்பார் என்று அந்த நேரத்தில் சொல்லி, அண்டை அயலை நம்பவைத்தவர்கள் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

முதலில் வந்த பணத்தில் அவர்கள் செய்தது பள்ளிக்கூடம். பிகோடி மேல்நிலைப் பள்ளி 1993-இல் தொடங்கியது. அதுவரை ஆரம்பப் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு அருகில் மேல்படிப்பு இல்லை. தூரம் அனுப்ப வசதியில்லாத வீடுகளில் பெண் பிள்ளைகளின் படிப்புதான் முதலில் நிற்கும். சதுப்பைச் சுற்றி நடக்க வந்தவர்கள் கொடுத்த கட்டணத்தில் ஒரு பள்ளி எழுந்தது என்றால் யாருக்கும் வியப்பாக இருக்கும். 2010-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு காஃப்ரெட்டுக்குக் கிடைத்தபோது, அந்த வட்டாரத்தில் தொழில் செய்கிற எங்களுக்கெல்லாம் அது எங்கள் வீட்டு விசேஷம் போலத்தான் இருந்தது.

நடை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சாலையோரத்தில் சங்கத்தின் அலுவலகம். பெயர் எழுதி, கட்டணம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு, கம்பூட்ஸ் மாட்டிக்கொள்ள வேண்டும். மழை பெய்திருந்தால் அது இல்லாமல் நாலு எட்டு வைக்க முடியாது. வழிகாட்டி உள்ளூர்க்காரர். கிளம்பும் முன் அவர் கேட்கும் முதல் கேள்வி உங்கள் எம்பாக்கோ என்ன என்பது. தோரோ மக்களுக்குப் பெற்றோர் வைத்த பெயரோடு எம்பாக்கோ என்று இன்னொரு பெயரும் உண்டு: அமோத்தி, அக்கிக்கி, அட்வோக்கி, அப்வோலி, அடியேரி என்று மொத்தம் பன்னிரண்டே பெயர்கள், ஊரே அந்தப் பன்னிரண்டுக்குள் அடக்கம். அன்பாகவோ மரியாதையாகவோ கூப்பிட அதுதான் வழி. யுனெஸ்கோ 2013-இல் இதை அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. எம்பாக்கோ இல்லாத விருந்தாளிக்கு வழிகாட்டியே ஒன்றைக் கொடுத்துவிடுவார். அதன் பிறகு மூன்று மணி நேரமும் “அடியேரி, இப்படி வாங்க”, “அக்கிக்கி, அந்தக் கிளையைப் பாருங்க” என்றுதான் பேச்சு. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா எனக்கு எழுதும்போது இன்றும் கீழே அப்வோலி என்றுதான் கையெழுத்துப் போடுகிறார்.

பாதை நாலரை கிலோமீட்டர் வரும். சதுப்பின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு போகும். நடுவில் மட்டும் மரப்பலகை போட்ட நடைபாதை. பாப்பிரஸ் என்பது நம் பாய்க்கோரையின் இனம்தான், ஆனால் ஆளைவிட உயரம். உச்சியில் பச்சை நூலை விரித்துவிட்டது போல ஒரு கொத்து. பலகையில் நின்றால் இரண்டு பக்கமும் அதுதான் சுவர். உள்ளே வெண்புள்ளி ஃப்ளஃப்டெயில் கூவிக்கொண்டே இருக்கும். விரலளவு தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். பறவையைப் பார்த்தவர் குறைவு.

எல்லாரும் பார்த்துவிடுவது பெரிய நீலத் துராக்கோவை. முக்கால் மீட்டர் நீளம். உடம்பு நீலமும் பச்சையும் கலந்தது, வயிறு மஞ்சள், மூக்கு மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும், தலையில் கறுப்புக் கொண்டை. இவ்வளவு பெரிய பறவைக்குப் பறக்க அவ்வளவாக வராது. மரத்துக்கு மரம் சறுக்கிக்கொண்டு வந்து இறங்கும். பிறகு கிளை மேல் ஓடி ஓடியே உச்சிக்கு ஏறும். ஏறி நின்று தொண்டையைத் திறந்து கொக்-கொக் என்று சத்தம் போடும். அத்திப்பழம் பழுத்த காலத்தில் ஒரே மரத்தில் ஏழெட்டு உட்கார்ந்திருக்கும். வழிகாட்டிகள் தொலைநோக்கியை முதலில் பயணிக்குக் கொடுத்துவிட்டு, தாங்கள் வெறும் கண்ணால் பார்த்து ரசிப்பார்கள். தினமும் பார்க்கிறவர்களுக்கே அந்த ரசனை குறையவில்லை என்பதால்தான், ஆங்கிலம் சரளமாகப் பேசும் நகரத்து வழிகாட்டியை நான் அந்த நடைக்கு அனுப்புவதில்லை.

பிறகு குரங்குகள். சதுப்பிலும் அதைச் சுற்றிய மரங்களிலும் எட்டு வகை வரை உண்டு. செங்கொலோபஸ் கூட்டமாக வரும். தலையில் செம்பட்டை, கையில் கட்டைவிரல் கிடையாது, இலையும் தளிரும் அதன் சாப்பாடு. உலகில் அழிவின் விளிம்பில் இருக்கிற இந்தக் குரங்குக்குக் கிபாலேதான் பெரிய வீடு. பயணிகள் இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனால் வயல்காரரைக் கேட்டால், அவர் வாயில் முதலில் வருவது செவ்வால் குரங்கு. மூக்கில் இதயம் போல வெள்ளைப் புள்ளி, வால் செம்பு நிறம், பார்க்க அவ்வளவு அழகு. அது சோளக்கதிரை உரித்துத் தின்பதைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். மரத்திலிருந்து ஒன்று இறங்கும். தட்டையை வளைத்து, ஒரு கையால் கதிரை முறித்து, மட்டையைப் பல்லால் கிழித்து, இரண்டு கடி கடித்துப் போட்டுவிட்டு அடுத்த தட்டைக்குப் போகும். முழுசாகத் தின்றால்கூட மனசு ஆறும். நூறு கதிரில் இரண்டிரண்டு கடி என்றால் நூறும் போச்சு. வரப்பில் ஒரு சிறுவன் காலி ஜெர்ரிகேனைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தான். குரங்கு மரமேறி, அவன் போகும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. அது பள்ளிக்கூட நாள். அவன் வகுப்பில் இருக்க வேண்டிய நேரம்.

இந்தத் தொழிலில் எனக்கு நிஜமாகவே கண் திறந்த இடம் அந்த வரப்புதான். அந்த வயலின் சொந்தக்காரர் ஒரு பெரியவர். கிகேசி மலைப்பக்கத்தில் நிலம் போதாமல் இங்கே குடியேறிய கிகா மக்களைச் சேர்ந்தவர். இந்த ஊரில் பாதி அப்படி வந்தவர்கள்தான். வீட்டு வாசலில் உட்காரவைத்துப் பேசினார். வழிகாட்டி மொழிபெயர்த்தார். “நீங்க கூட்டி வர்றவங்க படம் புடிச்ச குரங்குதான் காலையில என் சோளத்துல இருந்துச்சு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன். “பள்ளிக்கூடம் நல்லது. என் பேத்தியும் அங்கதான் படிக்கிறா. ஆனா பள்ளிக்கூடம் ஊருக்கெல்லாம் பொதுவாச்சே அமோத்தி. சோளம் எனக்கு மட்டும்தானே போச்சு?”

சமுதாயச் சுற்றுலா பற்றி மாநாடுகளில் கேட்ட உரைகள் எதிலும் இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. வரவு ஊருக்குப் பொது. நஷ்டம் விளிம்பில் இருக்கும் சில குடும்பங்களுக்குத் தனி. சாலையோரத்தில் கடை வைத்திருப்பவருக்கும் அந்தப் பள்ளியில் பங்கு உண்டு. ஒரு கதிரும் அவருக்குப் போவதில்லை. சதுப்பை ஒட்டி வயல் வைத்திருப்பவர் கோரையை வெட்டி, தண்ணீரை வடித்து, யூகலிப்டஸ் நட்டுவிட்டால் அவருக்கு மரம் விற்ற காசு கிடைக்கும்; குரங்குத் தொல்லையும் குறையும். அவர் அப்படிச் செய்யாமல் இருக்கிறார். அவர் செய்யாமல் இருப்பதைத்தான் நாம் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிறோம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அங்கே வருஷத்துக்கு இரண்டு மழை. மார்ச்சில் தொடங்குகிற மழைக்கு விதைத்தால் ஜூன், ஜூலையில் கதிர் பிடிக்கும். செப்டம்பர் மழைக்கு விதைத்தால் டிசம்பர், ஜனவரியில். வெளிநாட்டுப் பயணிகள் வருவது மழை விட்ட மாதங்களில். அதாவது அதே ஜூன், ஜூலை, அதே டிசம்பர், ஜனவரி. அந்த ஊருக்குக் கூட்டம் வருகிற நாளும் குரங்கு சோளத்துக்கு இறங்குகிற நாளும் ஒன்றுதான். ‘இன்றைக்கு நிறையக் குரங்கு பார்த்தோம்’ என்று என் பயணி சந்தோஷப்படும்போது, அதன் மறுபக்கம் எந்த வீட்டில் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

காட்டின் எல்லையில் இதைவிடப் பெரிய பிரச்சினை யானை. கிபாலேயின் யானைகள் இரவில் வெளியே வரும். ஒரு குடும்பத்தின் வருஷத்து வாழையை ஒரே ராத்திரியில் மிதித்துவிட்டுப் போகும். அகழி வெட்டுகிறார்கள். மண் சரிந்த இடத்தை உடனுக்குடன் சீர்செய்தால்தான் அகழிக்குப் பலன். இல்லையென்றால் யானை அதையே பாதையாக்கிக்கொள்ளும். தேன்கூட்டு வேலி வைக்கிறார்கள். யானைக்குத் தேனீ ஆகாது, தேனும் விலைபோகும். தேயிலையை யானை தின்னாது என்பதால் காட்டோரத்தில் தேயிலைத் தோட்டம் தடுப்பாக நிற்கிறது. ஆனால் தேயிலை பெரும்பாலும் பெரிய முதலாளிகளின் பயிர். 2019-இல் வந்த புதிய வனவிலங்குச் சட்டத்தில் விலங்கால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். அது தேவையான காரியம். சட்டத்தில் எழுதியது பெரியவரின் வரப்புவரை வந்து சேர வேண்டும்.

நான் சட்டம் போடுகிறவன் அல்ல. பயணத் திட்டம் போடுகிறவன். என்னால் முடிந்தது திட்டத்தை மாற்றுவது. சாலையோர ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மதியச் சாப்பாட்டை நடைபாதையை ஒட்டிய வீடுகளுக்கு மாற்றினேன். எந்த வீடு என்று நான் சொல்வதில்லை. வழிகாட்டிகள் முறைவைத்துச் சொல்வார்கள். நடைபாதை யார் வயல் ஓரமாகப் போகிறதோ அவர் வீடாக இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. காப்பிக்கொட்டையை உரலில் குத்தி, வறுத்து, காய்ச்சிக் கொடுக்கிற வீடு ஒன்று. வாழைப்பழத்தை மிதித்துச் சாறெடுத்து தொந்தோ என்ற கள் இறக்கிக் காட்டுகிற வீடு இன்னொன்று. இலையில் கட்டி அவித்த மத்தோக்கே, நிலக்கடலைக் குழம்பு, தோலெடுத்து மசித்த அவரைப் பருப்பில் நெய்விட்ட ஃபிரிந்தா, எல்லாவற்றோடும் ஒரு சின்னக் கூடையில் கரோ.

அந்தக் கூடையைத் திறந்தால் தமிழர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கரோ என்பது கேழ்வரகுக் களி. அதே நிறம், அதே மணம்; விரலால் கிள்ளி, உருட்டி, குழி பண்ணி, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டியது. கேழ்வரகின் பிறப்பிடம் இந்தக் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம்தான். உகாண்டா, எத்தியோப்பியா பக்கத்தில் பயிராக்கி, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டி நம்மிடம் வந்தது. தர்மபுரிக்காரர் ஒருவர் அந்த வீட்டு அம்மாவிடம் களி கிண்டும் துடுப்பை வாங்கி, தன் ஊர் வழக்கப்படி கிண்டிக் காட்டினார். அந்த அம்மா நின்று பார்த்துவிட்டு, தண்ணீர் அதிகம் என்று சொல்லித் திருத்தினார். அன்று அந்த வீட்டில் இருந்த கலகலப்பை எந்தக் காட்டு விடுதியும் காசு வாங்கிக்கொண்டு கொடுக்க முடியாது. சாப்பாட்டுக்கான பணம் அந்த அம்மாவின் கையில் நேராகப் போகிறது. அவருடைய சோளத்துக்கு அது ஈடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கும் குரங்குக்கும் நடுவே ஒரு வரவு உண்டாகியிருக்கிறது.

பெண்கள் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஃபியா நாரில் கூடை முடைகிறார்கள். வேர், இலை, பூ என்று ஊரில் கிடைப்பதில்தான் சாயம். நிலக்கடலையை வறுத்து அரைத்து டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். ஒரு கூடைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று முடைகிறவரிடமே கேளுங்கள். கேட்டபிறகு பேரம் பேச வாய் வராது. இங்கே எங்கள் தொழிலின் ஒரு கெட்ட வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பயணியை எந்தக் கடை வாசலில் இறக்குவது என்பதை டிரைவர்தான் தீர்மானிக்கிறார். கமிஷன் கொடுக்கிற கடையில் நிறுத்துவார்; கொடுக்காத கூட்டுறவுக் கடையைத் தாண்டிப் போய்விடுவார். அதற்கு டிரைவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுக்காத நிறுவனங்கள்தான் அதை வளர்த்துவிட்டன. டிரைவரின் படியை உயர்த்திக் கொடுத்துவிட்டு, வழியில் கமிஷன் வாங்கக் கூடாது என்று சொல்லலாம். நான் அப்படித்தான் செய்கிறேன், வேலை செய்கிறது.

சாலைக்குத் தார் போட்டது இன்னொரு திருப்பம். முன்பு செம்மண் சாலை. மழைக்காலத்தில் வண்டி சேற்றில் இறங்கினால் அன்றைக்கு அங்கேதான். அதனாலேயே ஜனங்கள் பிகோடியில் தங்கினார்கள். இப்போது காலையில் சிம்பன்சி, மதியம் குயின் எலிசபெத் பூங்கா என்று ஒரே நாளில் முடித்துவிடலாம். ஊருக்குத் தார்ச் சாலை வேண்டும்: பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்கு வேண்டும், சந்தைக்கு வாழைத்தார் ஏற்றுகிறவருக்கு வேண்டும். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தங்குகிற இரவு குறைந்தால் ஊரில் விழுகிற காசு குறையும். சதுப்பு நடைக்குக் கட்டும் பணம் ஒரு பங்கு என்றால், ராத்திரி தங்கினால் படுக்கை, சாப்பாடு, காலைக் காப்பி, துணி துவைக்கிறவர், போடா-போடா பைக்காரர் என்று பத்துக் கைக்குப் போகும்.

இந்த வருமானத்தை நம்பி ஒரு ஊர் உட்கார்ந்துவிடவும் கூடாது. 2012-இல் கிபாலே என்ற பெயரையே கொண்ட வேறொரு மாவட்டத்தில் எபோலா வந்தது. அது காட்டுக்கு வடக்கே தள்ளி இருக்கிறது. உலகச் செய்தியில் பெயர் ஒன்றாகக் கேட்டதால், பயணிகள் முன்பதிவை ரத்துசெய்தார்கள். நான் வரைபடம் அனுப்பி விளக்கியும் பலர் வரவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக விமான நிலையம் மூடி, அக்டோபரில்தான் திறந்தது. பள்ளிகள் 2022 ஜனவரியில்தான் முழுமையாகத் திறந்தன. உலகிலேயே மிக நீண்ட காலம் பள்ளிகளை மூடிவைத்த நாடுகளில் ஒன்று உகாண்டா. அதே 2022 செப்டம்பரில் முபெண்டேயில் மறுபடி எபோலா. கம்பாலாவிலிருந்து ஃபோர்ட் போர்ட்டல் போகிற சாலையே அந்த ஊர் வழியாகத்தான். அந்தப் பெயரைக் கேட்டதுமே வருகிறவர்கள் பின்வாங்கினார்கள்.

வழிகாட்டிகளுக்கு வேலை இல்லாத அந்த மாதங்களில் குரங்குக்கு மட்டும் விடுமுறை இல்லை. சோளம் போய்க்கொண்டுதான் இருந்தது. காட்டில் கண்ணி வைப்பது கூடியது. டைக்கர் மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைக்கிற கம்பிக் கண்ணியில் சிம்பன்சியின் கை மாட்டி அழுகிப்போகும். அந்த நாட்களிலும் சதுப்பு அப்படியே நின்றது. வழிகாட்டிகள் பீன்ஸும் கடலையும் பயிரிட்டுக்கொண்டே பலகைப் பாதையைப் பழுதுபார்த்தார்கள். அவர்களுக்குச் சுற்றுலா இரண்டாவது வருமானமாக இருந்ததால்தான் அது முடிந்தது. நிலத்தை விற்றுவிட்டு முழுக்கச் சுற்றுலாவுக்கு வந்தவர்கள் பட்ட பாடு வேறு. வேலைக்குச் சேர்கிற இளைஞர்களிடம் நான் சொல்வது: வயலை விடாதே, வழிகாட்டி வேலையைச் சேர்த்துக்கொள்.

சமுதாயச் சுற்றுலாவால் ஒரு மாவட்டத்தையே வறுமையிலிருந்து தூக்கிவிடலாம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிகோடி செய்தது அதைவிடச் சின்னது, ஆனால் உறுதியானது: ஒரு பள்ளி, ஒரு கோரைக்காடு, கூடை முடையும் பெண்களின் கையில் சொந்தக் காசு, தன் ஊரின் பறவைகளைப் பெயர் சொல்லிக் காட்டத் தெரிந்த ஒரு தலைமுறை. அடுத்த படி, விளிம்பு வயல்காரருக்கென்று நடைக் கட்டணத்திலேயே ஒரு பங்கைத் தனியாக எழுதிவைப்பது. சங்கக் கூட்டங்களில் பேச இடம் கிடைத்தபோதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். அதற்காகக் கட்டணத்தைக் கூட்டினாலும் என் பயணிகள் ஒருவரும் குறைய மாட்டார்கள். 250 டாலர் பெர்மிட் வாங்குகிறவருக்கு இன்னும் சில டாலர் பாரமில்லை.

உகாண்டா போகிற எண்ணம் இருந்தால், ஏற்பாடு செய்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சிம்பன்சி பார்த்த அன்று ராத்திரி எங்கே தங்குகிறோம்? அந்த விடுதி யாருடையது? மதியச் சாப்பாட்டுக்கு நான் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? பிள்ளைகளுக்கு மிட்டாய் கொண்டுபோக வேண்டாம்; வகுப்பு நடக்கும்போது பள்ளிக்குள் புகுந்து படமெடுக்க வேண்டாம்; உதவ விரும்பினால் சங்க அலுவலகத்தில் ரசீது போட்டுக் கொடுங்கள். பிகோடியில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். காலையில் நடக்கும்போது பாதை யார் வயல் வழியாகப் போகிறதோ, அவருக்கு வணக்கம் சொல்லி, இந்த முறை சோளம் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.